பாழ்மனைக் காசுகளும் வரலாற்றுச் சான்றும்
இங்கிலாந்தின் அனுபவம் பற்றிய ஒரு நோக்கு

வரலாற்று மூலாதாரங்களுள் நாணயங்கள் தனித்ததோர் இடத்தைப் பெறுவன. சாசனம் அரசனது ஆணையாற் பொறிக்கப்படுவது. வரலாற்றேடு அதனை எழுதிய துறவியின் அல்லது அரசவைப் புலவனின் நோக்குக்கு அமைந்தது. நாணயமும் அரசாணையாலேயே வெளிவருவதெனினும், வெளிவந்தபின் அது அரசனின் கைக்கு அப்பாற்பட்டதாகி விடுகின்றது. வணிகன், உழவன், போர்வீரன், வேலைக்காரி எனப் பலர் கைமாறி, ஈற்றில் எவரது விருப்புக்கும் கட்டுப்படாத ஓரிடத்தில் மண்ணிற் சேருகின்றது. ஆதலின் நாணயம் ஒவ்வொன்றும் இருவகைச் செய்திகளைத் தாங்கி நிற்கின்றது எனலாம். ஒன்று அதன் முகத்திற் பொறிக்கப்பட்டது. மற்றது அது கிடந்த இடத்திற் பொதிந்துள்ளது. முன்னையதை நூறு ஆண்டுகள் கழிந்த பின்னரும் எவரும் கையிலெடுத்து வாசிக்கலாம். பின்னையதோ, நாணயம் மண்ணினின்றும் எடுக்கப்படும் வேளையிற் குறித்து வைக்கப்படாவிடின், அவ்வேளையிலேயே அழிந்துவிடும். அதனை மீட்க வழியில்லை.

இவ்வுண்மை தொல்பொருளியலாளருக்குப் புதிதன்று. ஆயின் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலோகங்காண் கருவி மலிவான விலைக்குப் பொதுமக்கள் கைக்கு வந்தபோது, அது ஏட்டளவிலான கோட்பாடு என்ற நிலை மாறி, சட்டமன்றமும் நீதிமன்றமும் ஆராயவேண்டிய பிரச்சினையாயிற்று. இதனை இங்கிலாந்து எதிர்கொண்ட முறை, பாழடைந்த குடியிருப்புகள் நிறைந்த பிற நாடுகளுக்கும் பயன்தரும் பாடமாகும்.

பாழ்மனையிற் காசு சேரும் வகை

இங்கிலாந்தின் வயல்களுக்கடியில் உரோமர் காலத்து மாளிகைகள் முதல் இடைக்காலக் கிராமங்கள் வரை எண்ணற்ற குடியிருப்புகள் மறைந்து கிடக்கின்றன. இடைக்காலத்திற் கைவிடப்பட்ட கிராமங்கள் மட்டும் ஏறத்தாழ 3000 எனக் கணக்கிடப்பட்டுள்ளன. 1348-49 இற் பரவிய பெருங்கொள்ளைநோய் பல ஊர்களை நலிவித்தது. பின்னர், கம்பளி வாணிகம் இலாபந்தருவதாயிருந்தமையால், நிலவுடைமையாளர் உழுநிலங்களை அடைத்து ஆட்டுப் புற்றரைகளாக்க, எஞ்சிய குடிகளும் வெளியேறினர். மொறிஸ் பெரஸ்போர்ட் என்னும் பொருளியல் வரலாற்றாசிரியர் 1954 இல் இக்கிராமங்களைப் பற்றித் தனிநூல் ஒன்றை வெளியிட்டார். அவரும் ஜோன் ஹேர்ஸ்ற் என்னும் தொல்பொருளியலாளரும் யோர்க்சயர் மாகாணத்து வாரம் பேர்சி என்னும் பாழூரிற் கோடைதோறும் நடத்திய அகழ்வாய்வு 1950 இற் தொடங்கி 1990 வரை நீடித்தது. நாற்பது ஆண்டுகள் அகழ்ந்தும் ஊரின் ஒரு சிறு பகுதியே வெளிக்கொணரப்பட்டதென்பது, மண்ணைப் பொறுமையாக வாசிக்கும் முறையின் இயல்பை உணர்த்தும்.

இத்தகைய மனைகளிற் காசுகள் சேரும் வகை இரண்டு. முதலாவது, தவறி வீழ்ந்தவை. பணப்பையின் கிழிசல் வழியாக வீழ்ந்ததும், மண்தரையின் வெடிப்பிற் புகுந்ததும், குப்பையோடு பெருக்கித் தள்ளப்பட்டு எருவுடன் வயலுக்குச் சென்றதும் இவ்வகையின. இவை பெரும்பாலும் சிறு மதிப்புள்ள காசுகள். தேய்ந்த செப்புக் காசைத் தேடி எவரும் நெடுநேரம் செலவிடார். அன்றாட வாழ்வில் மக்கள் எதனைக் கொடுத்து எதனை வாங்கினர் என்பதற்கு இவையே நம்பத்தக்க சான்று. இரண்டாவது, வேண்டுமென்றே புதைக்கப்பட்டவை. போரோ கலகமோ நெருங்குகையில், மீண்டுவந்து எடுக்கலாம் என்ற நம்பிக்கையில் மண்ணுக்கு ஒப்படைக்கப்பட்ட செல்வம் இது.

புதைத்தவர் மீண்டுவந்த நிகழ்ச்சி ஒன்றை சாமுவேல் பீப்ஸ் தமது நாட்குறிப்பிற் பதிந்துள்ளார். 1667 யூன் மாதத்தில் ஒல்லாந்தர் மெட்வே ஆற்றுக்குட் புகுந்து ஆங்கிலக் கடற்படையைத் தாக்கியபோது, இலண்டன் மாநகர் கலங்கிற்று. கடற்படை அலுவலகத்திற் பதவிவகித்த பீப்ஸ், ஏறத்தாழ 1300 பவுண் பெறுமதியான பொன்னைத் தம் மனைவி, தந்தை ஆகியோர் வசம் பிராம்டன் என்னும் ஊருக்கு அனுப்பினார். அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏனையோர் தேவாலயத்துக்குச் சென்றிருந்த வேளையில், பட்டப்பகலில் அதனைத் தோட்டத்திற் புதைத்தனர். ஒக்டோபர் மாதத்தில் பீப்ஸ் இரவிலே விளக்குடன் சென்று தோண்டியபோது, புதைத்த இடமே ஐயத்துக்கு உரியதாயிற்று. பைகள் உக்கிப்போயிருந்தன, காசுகள் புல்லிலும் மண்ணிலும் சிதறிக் கிடந்தன. மண்ணை வாளிகளில் அள்ளிக் கழுவியும், மறுநாட் காலை அரித்தும் தேடியபின்பும், இருபது முப்பது காசுகள் வரை குறைவாகவே இருந்தன.

இந்நிகழ்ச்சி இரண்டு உண்மைகளை விளக்குகின்றது. நான்கு மாதங்களுக்குள், புதைத்தவர் உயிருடனிருந்து இடங்காட்டியபோதே, முழுவதையும் மீட்டல் இயலாதாயிற்று. மேலும், இன்று கண்டெடுக்கப்படும் ஒவ்வொரு புதையலும் புதைத்தவர் மீளாத புதையலேயாகும். மீண்டவர்களின் புதையல் மண்ணில் இருப்பதில்லை. எனவே புதையல்களின் எண்ணிக்கை ஒரு காலத்தின் செல்வத்தைக் காட்டுவதிலும் பார்க்க, அக்காலத்து மக்களின் இழப்பையே பெரிதும் காட்டும்.

கருவியின் வரலாறு

உலோகங்காண் கருவி புதையல் தேடுதற்கெனத் தோன்றியதன்று. 1881 இல் அமெரிக்கச் சனாதிபதி கார்பீல்ட் சுடப்பட்டபோது, அவரது உடலிற் தங்கிய குண்டைக் கண்டறிதற்காக, தொலைபேசியால் அறியப்பட்ட அலெக்சாந்தர் கிரகம் பெல் மின்தூண்டற் கருவியொன்றை அமைத்துப் பரீட்சித்தார், அம்முயற்சி பயனளிக்கவில்லை. இரண்டாம் உலக யுத்த காலத்தில் யோசெப் கொசாக்கி என்னும் போலந்துப் படை அதிகாரி உருவாக்கிய கண்ணிவெடி காண் கருவி, 1942 இல் எல் அலமெயின் போர்க்களத்திற் பயன்படுத்தப்பட்டது. யுத்தம் முடிந்தபின் மிகுந்துகிடந்த படைக் கருவிகள் சில பொதுமக்கள் கையை அடைந்தன. பின்னர் திரான்சிஸ்டர்கள் வந்தமையால், பாரமும் விலையும் குறைந்த கருவிகள் 1960 களிலும் 1970 களிலும் சந்தையில் மலிந்தன.

கருவியின் இயக்கம் எளியது. மின்னோட்டம் மாறிமாறிச் செல்லும் கம்பிச்சுருள் ஒன்று தன்னைச் சூழக் காந்தப்புலத்தை உண்டாக்கும். அப்புலம் மண்ணிலுள்ள உலோகத்திற் சிறு மின்னோட்டங்களைத் தூண்டும். அவை தோற்றுவிக்கும் மறுபுலத்தைக் கருவி உணர்ந்து ஒலியெழுப்பும். தனிக் காசொன்றை ஓர் அடி ஆழத்துக்குக் கீழ் உணர்தல் அரிது. ஆதலின் வழமையாகத் தேடப்படுவது உழுபடையாற் புரட்டப்பட்ட மேல்மண்ணே. அம்மண்ணிற் கிடப்பவை ஏற்கனவே இடம்பெயர்ந்தவை என்றும், ஏரும் உரமும் அவற்றை ஆண்டுதோறும் அழிக்கின்றன என்றும், ஆகவே அவற்றை எடுத்தல் காப்பாற்றுதலேயாகும் என்றும் தேடுவோர் வாதிடுவர். அவ்வாதத்தில் உண்மையுண்டு. ஆயின் ஒலி கேட்டவிடத்து மேல்மண் முடியும் எல்லையில் மண்வெட்டி நிற்குமா என்பதே வினா. கருவி உலோகத்தை மட்டுமே அறியும். அதனைச் சூழ்ந்த சாம்பலையும், மரப்பெட்டியின் உக்கிய சுவட்டையும், சட்டியோட்டையும், தரையின் படையையும் அது அறியாது.

பழைய சட்டமும் புதிய தேவையும்

இங்கிலாந்தின் பழைய வழமைச் சட்டப்படி, பொன்னாலோ வெள்ளியாலோ ஆனதும், மீட்கும் எண்ணத்துடன் மறைக்கப்பட்டதும், உரிமையாளர் அறியப்படாததுமான பொருளே முடிக்குரிய புதையலாகும். மரண விசாரணை அதிகாரியே இதனையும் விசாரித்துத் தீர்ப்பளிப்பார். அரசனின் கருவூலத்தை நிரப்புதற்கென எழுந்த இச்சட்டத்துக்கு வரலாற்றுச் சான்றைப் பாதுகாக்கும் நோக்கம் இருந்ததில்லை. தவறி வீழ்ந்த காசு எத்துணை அரியதாயினும் சட்டத்துக்குப் புறம்பானது. செப்புக் காசுகளும் அவ்வாறே.

இக்குறைபாடு 1982 இல் வெளிப்படையாயிற்று. லிங்கன்சயர் மாகாணத்துக் கோல்பி என்னுமிடத்திற் கிடைத்த 7811 உரோமக் காசுகள் கி.பி. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அக்காலத்து உரோமப் பேரரசர்கள் தம் நாணயங்களின் வெள்ளியைக் குறைத்துக்கொண்டே வந்தமையால், அவற்றில் வெள்ளி மிகச் சிறிதளவே இருந்தது. அத்தகைய காசை வெள்ளிக் காசெனக் கொள்ளலாகாது என மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. பதினேழு நூற்றாண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்த பணவீக்கம், இருபதாம் நூற்றாண்டில் ஒரு புதையலின் உரிமையை நிர்ணயித்தது விந்தையே.

இதற்கிடையில், 1979 ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டம், பாதுகாக்கப்பட்ட இடங்களில் அனுமதியின்றி உலோகங்காண் கருவியைப் பயன்படுத்துதலைக் குற்றமாக்கிற்று. ஆயின் பாதுகாக்கப்பட்ட பட்டியலிற் சேராத இடங்களோ பல. சறே மாகாணத்து வன்பரோ என்னுமிடத்தில் உரோமக் கோயிலொன்றின் எச்சங்கள் கிடந்தன. 1980 களின் முற்பகுதியிற் காசு தேடுவோர் சிலர் அவ்விடத்தைக் கண்டு அறிவித்தனர். தொடர்ந்து நடைபெற்ற வழக்கொன்றில் இடத்தின் பெயர் நீதிமன்றத்தில் வெளியிடப்பட்டதும், இரவோடிரவாகப் பலர் திரண்டு அந்நிலத்தைக் குதறினர். ஆயிரக்கணக்கான காசுகள் களவாடப்பட்டுப் பல நாடுகளிலும் விற்கப்பட்டன எனக் கருதப்படுகின்றது. களவாடியோர் மீது சாட்டப்பட்ட குற்றங்களை நிலைநாட்டுதற்கு, காசுகள் மீட்கும் எண்ணத்துடன் புதைக்கப்பட்டவையா, கோயிலிற் காணிக்கையாக இடப்பட்டவையா என்பதே தடையாயிற்று. தெய்வத்துக்கு இட்ட காணிக்கையை எவரும் மீளப்பெற எண்ணுவதில்லை.

வன்பரோவின் அழிவு அம்மாகாணத்துத் தொல்பொருளியற் கழகத்தைச் சட்டச் சீர்திருத்தத்துக்காகக் குரலெழுப்பத் தூண்டிற்று. அதன் பயனாக 1996 இற் புதையற் சட்டம் நிறைவேறி, 1997 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்தது. இதன்படி, முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட, ஒரே கண்டெடுப்பிற் கிடைத்த காசுகள், நூற்றுக்குப் பத்துப் பங்காயினும் பொன்னோ வெள்ளியோ உடையவாயின் இரண்டு இருந்தாலே புதையலாகும். அவ்வளவு இல்லாதவையாயின் பத்து இருத்தல் வேண்டும். மறைத்தவரின் மனத்தை ஆராயும் தேவை இதனால் நீங்கிற்று. கண்டவர் பதினான்கு நாட்களுக்குள் அறிவித்தல் வேண்டும். நூதனசாலை அதனைப் பெற விரும்பின், சந்தை மதிப்பு வெகுமதியாக வழங்கப்படும். அது வழமையாகக் கண்டவருக்கும் நிலவுரிமையாளருக்கும் பகிரப்படும். அதே ஆண்டில், புதையல் அல்லாத சிறு பொருள்களையும் விருப்பத்தின்பேரிற் பதிவுசெய்யும் திட்டம் ஒன்றும் தொடங்கப்பட்டது. 2014 அளவில் அத்திட்டத்திற் பதிவான பொருள்கள் பத்து இலட்சத்தைத் தாண்டின.

கிடந்த இடம் உரைத்த செய்தி

மண்ணில் நாணயம் கிடந்த நிலை எத்தகைய செய்திகளைத் தரவல்லது என்பதற்கு மூன்று எடுத்துக்காட்டுகள் போதும்.

1992 நவம்பர் 16 ஆந் திகதி, சபோக் மாகாணத்து ஹொக்சன் என்னும் ஊரில், ஓய்வுபெற்ற தோட்டக்காரர் ஒருவர், தம் நண்பரான குத்தகை உழவர் தொலைத்த சுத்தியல் ஒன்றைத் தேடிக் கருவியுடன் வயலுக்குச் சென்றார். கிடைத்ததோ உரோமர் காலத்துப் பெரும் புதையல். சிறிதளவு எடுத்ததும் அவர் தோண்டுதலை நிறுத்தி அறிவித்தார். மறுநாள் தொல்பொருளியலாளர் வந்து எஞ்சியதை முறைப்படி அகழ்ந்தனர். 569 பொற்காசுகள், 14,272 வெள்ளிக் காசுகள், 24 வெண்கலக் காசுகள் ஆக 14,865 காசுகளும், வெள்ளிக் கரண்டிகளும் அணிகலன்களும் கிடைத்தன. அவை ஒரு மரப்பெட்டியினுள், சிறு பெட்டிகளிற் பிரித்து, ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன என்பது அவ்வகழ்வினாலேயே தெரியவந்தது. அவசரத்தில் அள்ளி எறியப்பட்ட செல்வமன்று இது, திட்டமிட்டு ஒப்படைக்கப்பட்டது. கடைசிக் காசுகள் கி.பி. 407-408 ஆண்டளவின. பிரித்தானியாவினின்றும் உரோம ஆட்சி விலகிய காலத்தில் வாழ்ந்த செல்வக் குடும்பமொன்றின் கணக்கு அப்பெட்டியில் முடிவுற்றது. சுத்தியலும் பின்னர் கிடைத்தது. அதுவும் பிரித்தானிய நூதனசாலையில் உள்ளது.

2003 இல் ஒக்ஸ்போட்சயர் மாகாணத்துச் சல்குறோவ் என்னுமிடத்தில், ஒரு பானையில் ஒன்றோடொன்று ஒட்டிய நிலையில் ஐயாயிரத்தை அண்மிய உரோமக் காசுகள் கிடைத்தன. அவை பிரித்தெடுக்கப்பட்டபோது, டொமிசியன் என்னும் பெயருடைய பேரரசன் ஒருவனது காசு காணப்பட்டது. இவன் முதலாம் நூற்றாண்டிற் புகழ்பெற்ற டொமிசியன் அல்லன், கி.பி. 271 ஆம் ஆண்டளவில் கோல் நாட்டிற் சில நாட்களோ வாரங்களோ முடிசூடியவன். இவனது காசு ஒன்று 1900 ஆம் ஆண்டிலேயே பிரான்சில் வெளிப்பட்டிருந்தும், போலியாகலாம் என ஐயுறப்பட்டு ஒதுக்கப்பட்டது. அதே அச்சுகளால் அடிக்கப்பட்ட இரண்டாவது காசு, எவரும் கைவைத்திராத பானையினுள்ளிருந்து வந்தமையால் ஐயம் நீங்கிற்று. அக்காசு தனியே ஒரு வணிகனின் மேசைமீது தோன்றியிருப்பின், முதற்காசுக்கு நேர்ந்த கதியே அதற்கும் நேர்ந்திருக்கும்.

2010 இல் சொமர்செற் மாகாணத்துப் புரூம் என்னும் ஊரருகே, காசு தேடுவோர் ஒருவர் நிலத்திலிருந்த பானையொன்றின் வாயைக் கண்டார். இருபத்தொரு காசுகளை எடுத்தபின் தோண்டிய குழியை மூடிவிட்டு அறிவித்தார். பானையில் இருந்தவை 52,503 காசுகள். அவற்றைத் தொல்பொருளியலாளர் மேலிருந்து கீழாகப் படைபடையாக எடுத்தனர். காசுகளுள் மிகப் பிந்தியவை, பிரித்தானியாவிற் தனியாட்சி நடத்திய கரோசியசின் காலத்தவை. அவனது ஆட்சி கி.பி. 286 இற் தொடங்கியது. அவற்றுட் பெரும்பாலானவை பானையின் கீழ்ப்பாதியிலேயே கிடந்தன. ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் சேமித்த உண்டியலாயின் பிந்திய காசுகள் மேலேயே இருத்தல் வேண்டும். எனவே பானை ஒரே தடவையில் நிரப்பப்பட்டது என்பது துணியப்பட்டது. ஏறத்தாழ 160 கிலோகிராம் எடையை அப்பானை தாங்காதாதலின், பானையை முன்னரே நிலத்தில் வைத்துப் பின்னரே காசுகளைக் கொட்டியிருத்தல் வேண்டும். இது தனியொருவரின் சேமிப்பன்று, ஓர் ஊரார் கூடி இட்ட காணிக்கையாகலாம் என்ற கருத்து இதனாலேயே எழுந்தது. கண்டவர் அன்று மாலையிற் பானையைக் கவிழ்த்திருந்தால், 52,503 காசுகளும் கிடைத்திருக்கும். இம்முடிபு ஒருபோதும் கிடைத்திராது.

இரண்டு புதையல்கள், இரண்டு முடிவுகள்

2015 ஆம் ஆண்டில் ஒரே காலத்தைச் சேர்ந்த இரண்டு புதையல்கள் சில மாத இடைவெளியில் வெளிப்பட்டன. அவற்றின் பெறுமதியை உணர, ஒன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில வரலாற்றைச் சிறிது நோக்கல் வேண்டும்.

டேனியப் படைகள் அக்காலத்து ஆங்கில அரசுகளை ஒன்றன்பின் ஒன்றாக வீழ்த்தின. 874 இல் மேர்சியாவின் அரசன் நாட்டைவிட்டு உரோமாபுரிக்கு ஓட, இரண்டாம் செயோல்வுல்ப் அரசனானான். வெசெக்ஸ் அரசன் அல்பிரட்டின் அவையோடு தொடர்புடையோர் எழுதிய ஆங்கில-சக்சன் வரலாற்றேடு, செயோல்வுல்பை அறிவற்றவன் என்றும், டேனியரின் கைப்பாவை என்றும் இழித்துரைக்கின்றது. 878 இல் டேனியரை வென்ற புகழ் அல்பிரட் ஒருவனுக்கே உரித்தாயிற்று. செயோல்வுல்ப் 879 அளவில் வரலாற்றினின்றும் மறைந்தான். அதன்பின் மேர்சியா வெசெக்சின் மேலாதிக்கத்துள் வந்தது. வென்றவரின் ஏடு தோற்றவரைப்பற்றிக் கூறுவதே ஆயிரமாண்டுகளாக வரலாறாக நின்றது.

2015 ஒக்டோபரில் ஒக்ஸ்போட்சயர் மாகாணத்து வொற்லிங்டன் என்னுமிடத்திற் கருவியுடன் சென்ற ஒருவர் புதையலொன்றைக் கண்டு அறிவித்தார். அது மண்கட்டியோடு பெயர்த்தெடுக்கப்பட்டு, நூதனசாலையின் ஆய்வுகூடத்தில் அகழப்பட்டது. ஏறத்தாழ இருநூறு காசுகளுள், பிந்திய உரோமப் பொற்காசொன்றைப் பின்பற்றி, அருகருகே அமர்ந்த இரு பேரரசரின் உருவம் பொறித்தவை பல இருந்தன. அவற்றுட் சில அல்பிரட்டின் பெயரிலும், சில செயோல்வுல்பின் பெயரிலும் வெளியிடப்பட்டவை. இவ்வகைக் காசுகள் அதுவரை விரல்விட்டு எண்ணத்தக்கனவாகவே அறியப்பட்டிருந்தன. இரு நாடுகளும் ஒரே வடிவில், ஒரே தரத்திற் காசு அடித்தன என்பதும், அக்கூட்டுறவு சில ஆண்டுகள் நீடித்தது என்பதும் இதனால் உறுதியாயின. கைப்பாவை எனப்பட்டவன் அல்பிரட்டின் நட்பரசனாயிருந்தான். ஏடு மறைத்ததைக் காசு வெளிப்படுத்திற்று. இப்புதையலை ஒக்ஸ்போட் அஷ்மோலியன் நூதனசாலை 2017 இல் 13,50,000 பவுணுக்கு வாங்கிற்று.

அதே ஆண்டு யூன் மாதத்தில் ஹெரிபோட்சயர் மாகாணத்து லெம்ஸ்ரர் நகரருகே இருவர் மற்றொரு புதையலைக் கண்டனர். அதில் பொன் மோதிரம், கைவளை, பொற்சட்டம் பூட்டிய பளிங்குப் பதக்கம் என்பவற்றுடன் ஏறத்தாழ 300 காசுகளும் இருந்தன என்பது, அவர்கள் தம் கைத்தொலைபேசியில் எடுத்துப் பின்னர் அழித்த படங்களை மீட்டபோது தெரியவந்தது. அவர்கள் அதனை அறிவிக்கவில்லை; காசுகளைச் சிறுசிறு தொகையாக விற்றனர். 2019 இல் நீதிமன்றம் அவர்களுக்கு நீண்ட சிறைத்தண்டனை விதித்தபோது, மீட்கப்பட்டிருந்தவை முப்பதளவான காசுகளே. அவற்றுள்ளும் இரு பேரரசர் உருவங்கொண்ட காசுகள் இருந்தன. ஏனையவற்றுட் பெரும்பாலானவை எங்குள்ளன என்பது அறியப்படவில்லை. அவற்றுட் சில இன்றும் எவரோ ஒருவரின் பேழையிற் பெயரின்றிக் கிடக்கலாம். அவை மீண்டாலும், மேர்சியாவின் மேற்கெல்லையில் அச்செல்வத்தைப் புதைத்தவர் யார், எதில் வைத்துப் புதைத்தார், எவற்றோடு எவை கிடந்தன என்ற வினாக்களுக்கு விடை மீளாது.

ஒரு காசு களவாடப்படின் ஒரு காசே இழக்கப்படுகின்றது எனப் பலர் கருதுவர். இங்கு இழக்கப்பட்டதோ, ஆயிரமாண்டுகளாக அவதூற்றைச் சுமந்த ஓர் அரசனுக்குச் சாதகமான சாட்சியின் பாதி.

தேடுவோரும் ஆய்வாளரும்

இவ்வரலாற்றைக் கொண்டு, கருவியேந்தியோர் யாவரும் களவர் எனத் துணிதல் நேர்மையன்று. சபோக் மாகாணத்து றெண்டில்சம் என்னுமிடம், கிழக்கு அங்கிலியா அரசரின் இருக்கை எனப் பீட் அடிகளாரின் எட்டாம் நூற்றாண்டு வரலாற்று நூலிற் பெயர்சுட்டப்பட்டது. அரச குடும்பத்தின் கப்பற் சமாதி கண்டெடுக்கப்பட்ட சட்டன் ஹூ அதற்குச் சில கல் தொலைவிலேயே உள்ளது. எனினும் அவ்விருக்கை எங்கிருந்தது என்பது அறியப்படாதிருந்தது. அங்குள்ள பண்ணை நிலத்தில் இரவிற் களவாகத் தோண்டிய குழிகளைக் கண்ட நிலவுரிமையாளர் அதிகாரிகளிடம் முறையிட்டார். அதன் விளைவாக 2008 இல் ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. அதனைக் கருவியுடன் நடந்து நிறைவேற்றியவர்கள், ஊதியமின்றி உழைத்த நான்கு அனுபவமிக்க தேடுவோர். ஏறத்தாழ 150 ஹெக்ரேயர் நிலத்தை ஆண்டுக்கணக்கில் அவர்கள் நடந்தனர். ஒவ்வொரு காசும் ஒவ்வொரு ஆணியும் கிடந்த புள்ளி வரைபடத்திற் குறிக்கப்பட்டது. பிராங்கியப் பொற்காசுகளும், சிறு வெள்ளிக் காசுகளும், பைசாந்தியச் செப்புக் காசுகளும் கிடைத்தன. அப்புள்ளிகள் கூடிக் காட்டிய இடத்தில் 2022 இல் அகழ்ந்தபோது, இருபத்துமூன்று மீற்றர் நீளமான அரச மண்டபத்தின் அடித்தளம் வெளிப்பட்டது.

இரவில் வந்தவர்களும் பகலில் நடந்தவர்களும் பயன்படுத்திய கருவி ஒன்றே. எடுத்த காசுகளும் ஒரே வகையினவே. இருசாராருக்கும் இடைப்பட்ட வேறுபாடு வரைபடத்திற் குறித்த ஒரு புள்ளியளவினதே. அப்புள்ளியினாலேயே பாழ்நிலம் அரசிருக்கையாயிற்று.

இலங்கைக்கான தொடர்பு

இலங்கையின் சட்டம் வேறு அடிப்படையில் அமைந்தது. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி, நிலத்தில் மறைந்துள்ள தொல்பொருள் நிலத்துக்குரியவருக்குச் சொந்தமாவதில்லை, அது அரசுக்குரியது. ஆயின் சட்டம் கடுமையாயிருந்த அளவுக்குக் காசுகள் பதிவுபெற்று வந்தன எனக் கூறுதற்கில்லை. கொட்றிங்டன் 1924 இல் வெளியிட்ட இலங்கை நாணயங்கள் பற்றிய நூல் முதலாக, இத்துறையின் ஆய்வு பெரும்பாலும் தனியார் சேகரிப்புகளையும் மேற்பரப்பிற் பொறுக்கப்பட்டவற்றையும் நம்பியே வளர்ந்தது. தென்னிலங்கையில் திசமகாராமையை அடுத்த அக்குறுகொடப் பகுதியிற் கிடைத்த ஈய நாணயங்கள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. ஒஸ்மண்ட் போபேயாராச்சியும் ராஜா விக்கிரமசிங்கவும் 1999 இல் அவற்றை நூல்வடிவில் வெளியிட்டனர். பிராமி எழுத்திற் பெயர் பொறித்த அவற்றுட் சில தமிழ்ப் பெயர்களைக் கொண்டவை என அறிஞர் வாசித்துள்ளனர். தென்னிலங்கையின் பண்டைய வணிகத்திற் தமிழ் பேசியோர் பெற்ற இடத்தை உணர்த்தும் சான்று இது. எனினும் பெருந்தொகையான காசுகள் அகழ்வின் வழியாக அன்றித் தனியார் வழியாகவே வெளிப்பட்டமையால், அவற்றின் காலத்தை எழுத்தின் வடிவைக்கொண்டு கணிக்கவேண்டிய நிலை உண்டாயிற்று. அவை எந்தப் படையில், எந்த மனையில், எவ்வகை மட்கலத்துடன் கிடந்தன என்பது தெரிந்திருப்பின், வாதத்துக்கு இடமான பல முடிபுகள் உறுதிபெற்றிருக்கும். முகத்திற் பொறித்த செய்தி கிடைத்தது. இடத்திற் பொதிந்த செய்தி பெருமளவுக்குத் தவறிற்று.

மேலும் ஒன்று கருதற்பாலது. பாழ்மனையும் புதைத்த செல்வமும் இலங்கைத் தமிழருக்குப் பழங்கதையன்று. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இரவோடிரவாக இடம்பெயர்ந்தபோதும், அதன்பின் வன்னியிற் பலமுறை பெயர்ந்தபோதும், கொண்டுசெல்ல முடியாத நகையையும் பாத்திரத்தையும் வளவிற் புதைத்து, மரத்தையோ கிணற்றையோ அடையாளம் வைத்துச் சென்றோர் பலர். மீண்டவர் சிலர் எடுத்தனர்; சிலர் அடையாள மரமே இல்லாமற் தேடி அலைந்தனர்; சிலர் மீளவேயில்லை. அம்மனைகளில் முதலில் நடந்த உலோகங்காண் கருவி, காசு தேடுவோரதன்று, கண்ணிவெடி அகற்றுவோரது. எல் அலமெயின் களத்துக்கென அமைந்த கருவி அங்குத் தன் பழைய தொழிலையே செய்தது.

ஆதலின், ஹொக்சன் பெட்டியை அடுக்கிய கைகளின் மனநிலையை உணர்தற்கு இந்நாட்டு வாசகருக்கு உரைநூல் வேண்டுவதில்லை. புதையல் என்பது கண்டவரின் அதிர்ஷ்டமாகவே பெரிதும் பேசப்படுகின்றது. அது முதலிற் புதைத்தவரின் நம்பிக்கை. பின்னர் அவரது இழப்பு. அவ்விழப்பிலிருந்து வரலாறு பெறக்கூடியது, அவர் எங்கு, எவ்வாறு, எவற்றோடு அதனை வைத்தார் என்ற செய்தியே. புரூம் வயலில் இருபத்தொரு காசுகளுடன் கையை நிறுத்திக் குழியை மூடியவர் பட்டம் பெற்ற தொல்பொருளியலாளர் அல்லர். ஆயினும் அன்று அவர் செய்தது ஆய்வாளரின் பணியேயாகும்.